ரெண்டே எழுத்து: டாக்டர் சீட்டு இல்லாமல் காது டெஸ்ட்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. "உயிரோட இருக்கியா?"ன்னு தனிமடல் அனுப்பின நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். எம்.எஸ். ரெண்டாவது வருஷம், ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ். மருத்துவமும் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஒரு கலவை சாதம்னு வச்சுக்கங்க. கூடவே கேம்பஸ்ல வாரம் 20 மணி நேர வேலை. எங்க பல்கலைக்கழகத்துல ஆடியாலஜி படிக்கிற பசங்க பயிற்சி எடுக்க ஒரு கிளினிக் இருக்கு. அங்கே வர்றவங்களோட பில்லைச் சரிபார்த்து அனுப்புற மேசையில உக்காந்திருக்கேன்.

இந்தப் பதிவு அந்த மேசையில கத்துக்கிட்ட ஒரே ஒரு விஷயத்தைப் பத்தி. அமெரிக்காவுல வயசானவங்க காது டெஸ்ட் எடுத்துக்க டாக்டர் சீட்டு வேணுமா, வேணாமா? கேக்க மொக்கையாத்தான் இருக்கும். ஆனா அப்பா அம்மாவை கிரீன் கார்டுல கூட்டிட்டு வந்து வச்சிருக்கிற பதிவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கு இது நேரடியா பயன்படும். மத்தவங்களுக்கு, ஒரு அரசாங்க விதி எப்படி ஒரு மனுஷன் சொல்ற ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுத் தொங்குதுன்னு பார்க்கிற சுவாரசியமாவது இருக்கும்.

முதல்ல மெடிகேர்

தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மெடிகேர்ங்கறது 65 வயசு ஆனவங்களுக்கும், வயசு ஆகாட்டியும் சில உடல் குறைபாடு உள்ளவங்களுக்கும் அமெரிக்க மத்திய அரசு நடத்துற காப்பீடு. 1965-ல சட்டமாச்சு. பார்ட் ஏ ஆஸ்பத்திரியில படுக்கிற செலவுக்கு, பார்ட் பி டாக்டர், டெஸ்ட் மாதிரியான வெளிச் செலவுக்கு. நம்ம கதை முழுக்க பார்ட் பி.

நம்ம அப்பா அம்மாவுக்கு இது கிடைக்குமா? கிரீன் கார்டு வாங்கி, தொடர்ந்து 5 வருஷம் இங்கே வாழ்ந்து, 65 வயசும் ஆயிருந்தா, இங்கே வேலையே பார்த்ததில்லைன்னாலும் காசு கட்டிச் சேரலாம். பார்ட் பி-க்கு 2025-ல மாசம் 185 டாலர். விசிட்டர் விசாவுல ஆறு மாசம் பேரக்குழந்தையைப் பார்த்துக்க வந்த அம்மாவுக்கு இது கிடையாது.

சேர்ந்த பிறகும் எல்லாமே இலவசம் இல்லை. வருஷத்துக்கு முதல் சில டாலர் நம்ம பாடு (2025-ல அது 257 டாலர்). அதுக்கு மேல மெடிகேர் ஒத்துக்கிட்ட தொகையில 80 சதவீதம் அவங்க, 20 சதவீதம் நாம.

எதுக்கு அந்தச் சீட்டு?

நம்ம ஊர்ல காது கேக்கலைன்னா என்ன பண்ணுவோம்? நேரா ஒரு காது டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் போவோம், காசைக் குடுப்போம், டெஸ்ட் எடுப்போம். யாரும் "உங்க டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"ன்னு கேக்க மாட்டாங்க. இங்கேயும் கைக்காசு போட்டா கேக்க மாட்டாங்க. மெடிகேர் காசு தரணும்னா தான் கேள்வி.

காரணம் சட்டத்துல இருக்கு. மெடிகேர் சட்டம் காது டெஸ்டை எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை மாதிரி "நோய் கண்டறியும் டெஸ்ட்" வகையில வச்சிருக்கு. அந்த வகையில எதுவா இருந்தாலும், நோயாளியைப் பார்த்துக்கிற டாக்டரோ, நர்ஸ் ப்ராக்டிஷனர் மாதிரி அதிகாரம் உள்ளவரோ "இதை எடு"ன்னு ஆர்டர் போட்டிருக்கணும். லேப்காரர் தானா ரத்தம் எடுத்துட்டு பில் போட முடியாதுல்ல, அதே தர்க்கம்.

ஆனா ஆடியாலஜிஸ்ட் லேப் டெக்னீஷியன் இல்லைங்க. இப்போ இங்கே ஆடியாலஜிஸ்ட் ஆகணும்னா டிகிரி முடிச்சு, அதுக்கு மேல ஏயு.டி.ங்கற முனைவர் நிலைப் படிப்பு முடிச்சு, மாநில லைசென்ஸ் வாங்கணும். அவங்களை சட்டம் ஒரு மெஷின் மாதிரி நடத்துது. சீட்டு வந்தா ஓடு, இல்லைன்னா நில்லு. டெஸ்ட் முடிஞ்ச பிறகு வாங்கி ஒட்டுற சீட்டும் செல்லாது, முன்னாடியே இருக்கணும்.

சீட்டோட விலை

இப்போ கொஞ்சம் கணக்கு. பில்லிங் மேசையில உக்காந்து கணக்கு சொல்லலைன்னா எப்படி :-)

இங்கே எல்லா மருத்துவச் சேவைக்கும் அஞ்சு இலக்க எண் உண்டு. சி.பி.டி. கோடுன்னு சொல்வாங்க. முழுமையான காது டெஸ்டுக்கு 92557. ஒலி புகாத அறைக்குள்ள உக்கார வச்சு, ஹெட்ஃபோன் மாட்டி, கீச்சுனு ஒரு சத்தம், கம்முனு ஒரு சத்தம்னு விட்டு, கேட்டா பட்டனை அழுத்தச் சொல்றது ஒரு பகுதி. காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு அதிர்வியை வச்சுச் செய்யறது ரெண்டாவது. சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்றது மூணாவது. எல்லாம் சேர்ந்து ஒரு கோடு.

இதுக்கு மெடிகேர் ஒத்துக்கிற தொகை, 2023 முதல் 2025 வரைக்கும் தேசிய அளவுல, 40 டாலருக்கும் குறைவு.

சீட்டு எழுதி வாங்க டாக்டரைப் பார்க்கிற சாதாரண விசிட் இருக்கே, அது 99213. அதுக்கு சுமார் 90 டாலர்.

புரியுதா? 40 டாலர் டெஸ்டுக்கு அனுமதிச் சீட்டு வாங்க 90 டாலர் விசிட். அரசாங்கத்துக்கும் நஷ்டம், நோயாளிக்கும் ரெண்டு இடத்துலயும் 20 சதவீதம். இதுல டாலர்ல வராத செலவு தனி. டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு வாரக்கணக்குல காத்திருக்கணும். கார் ஓட்டத் தெரியாத தாத்தா மகன் லீவு போடுற நாளுக்குக் காத்திருக்கணும். இதெல்லாம் எதுக்குன்னு விட்டுடறவங்கதான் அதிகம் பாதிக்கப்படறாங்க. ஏற்கனவே "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க"ன்னு சொல்ற ஆளுக்கு இன்னொரு சாக்கு கெடச்ச மாதிரி.

காது கேக்காம விடறது சின்ன விஷயம் இல்லை. டிமென்ஷியாவைப் பத்தி லான்செட் ஆணையம் 2017, 2020, 2024-ன்னு மூணு அறிக்கை குடுத்திருக்கு. மூணுலயும், நாம ஏதாவது செஞ்சு மாத்தக்கூடிய ஆபத்துக் காரணங்கள் பட்டியல்ல காது கேளாமை இருக்கு.

2023: ரெண்டு எழுத்து வந்த கதை

மெடிகேரை நடத்துற அமைப்பு சி.எம்.எஸ். அவங்க வருஷா வருஷம் கட்டண விதிகளை வெளியிடுவாங்க. 2022 ஜூலையில வந்த முன்வரைவுல ஒரு புது யோசனை: டாக்டர் ஆர்டர் இல்லாம வந்தாலும் காது டெஸ்டுக்குக் காசு தரலாம், அதுக்குன்னு ஒரே ஒரு புதுக் கோடு வைக்கலாம். அந்தக் கோடுக்குத் தற்காலிகப் பேரு "காடெக்ஸ்". எந்த டெஸ்ட் செஞ்சாலும், எத்தனை செஞ்சாலும் அதே கோடு.

எல்லாத்தையும் ஒரே பையில போட்டா, யாருக்கு எந்த டெஸ்ட் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே விலையா? இப்படிப் போன கருத்துகளைக் கேட்டுட்டு, 2022 நவம்பர்ல வந்த இறுதி விதியில அந்தக் கோடை விட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு மாடிஃபையர். மாடிஃபையர்னா, அஞ்சு இலக்கக் கோடுக்குப் பின்னாடி ஒட்டுற ரெண்டு எழுத்து வால். இந்த வாலோட பேரு ஏ.பி.

2023 ஜனவரி 1 முதல், டாக்டர் ஆர்டர் இல்லாம காது டெஸ்ட் செஞ்சா, 92557-க்குப் பக்கத்துல ஏ.பி. போட்டு அனுப்பினா மெடிகேர் காசு தரும். கிளெய்ம் படிவத்துல ஆர்டர் போட்ட டாக்டர் பேரையும் எண்ணையும் எழுதற கட்டம் 17 இருக்கு. அது காலியா இருந்தா வழக்கமா கிளெய்ம் திரும்பி வந்துடும். ஏ.பி. இருந்தா அந்தக் கட்டம் காலியா இருக்கலாம்.

வாழ்க வளமுடன்னு போயிடலாமா? இருங்க. வாலுக்குப் பின்னாடி நாலு முடிச்சு இருக்கு.

1. 12 மாசத்துக்கு ஒரு தடவைதான். கணக்கு நோயாளிக்கு, கிளினிக்குக்கு இல்லை. மார்ச்ல ஒரு கிளினிக்ல ஏ.பி.-ல டெஸ்ட் எடுத்துட்டு, ஆகஸ்ட்ல இன்னொரு கிளினிக் போய் மறுபடி ஏ.பி.ன்னா வராது. ஒரே நாள்ல ரெண்டு மூணு டெஸ்ட் செய்யலாம், அதுல பிரச்சனை இல்லை.

2. திடீர்ப் பிரச்சனைக்கு இல்லை. மெதுவா, நாள்பட வர்ற காது மந்தத்துக்கு மட்டும். இதைப் பத்தி கீழே தனியா சொல்றேன், முக்கியமானது.

3. தலைசுத்தல், தள்ளாட்டத்துக்கு இல்லை. உடம்போட சமநிலைக்கும் உள்காதுதான் காரணம். அதுக்கான டெஸ்டும் ஆடியாலஜிஸ்டுதான் செய்வாங்க. ஆனா அதுக்கு இன்னமும் சீட்டு வேணும். ஏ.பி. ஒட்டக்கூடிய கோடுகள்னு 36 எண் கொண்ட ஒரு பட்டியல் இருக்கு. சமநிலை டெஸ்டுகள் அதுல இல்லை.

4. காது மெஷினுக்காக இல்லை. மெஷின் எழுதிக் குடுக்கவோ, பொருத்தவோ, மாத்தவோ செய்யற டெஸ்டுக்கு ஏ.பி. கிடையாது.

இன்னொண்ணு: டெஸ்டை ஆடியாலஜிஸ்ட் தானே செஞ்சிருக்கணும். எங்க கிளினிக் மாதிரி மாணவர்கள் பழகுற இடத்துல இது ஒரு தலைவலி. மாணவர் தனியாச் செஞ்ச டெஸ்டுக்கு மெடிகேர் காசு கிடையாது.

டாக்டர் ஆர்டரோட வந்தா இந்த 12 மாசக் கணக்கு கிடையாதுங்கறதையும் குறிச்சு வச்சுக்கங்க. பழைய வழியை மூடலை, பக்கத்துல ஒரு சின்னக் கதவு திறந்திருக்காங்க, அவ்வளவுதான்.

மூணு தாத்தா, ஒரே நாற்காலி

இப்போ மெயின் மேட்டர். மூணு கற்பனைத் தாத்தாக்களை எடுத்துக்குவோம். மூணு பேருக்கும் வயசு 72. மூணு பேருக்கும் கீச்சுச் சத்தம் கேக்கறதுல ஒரே அளவு குறை. ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே ஹெட்ஃபோன், ஒரே 92557. யாருகிட்டயும் சீட்டு இல்லை. ஏன் வந்தீங்கன்னு கேட்டா:

முதல் தாத்தா: "ஒரு வருஷமா பேரப்பிள்ளைங்க பேசறது புரியலை. என்னன்னு பாருங்க."

ரெண்டாவது தாத்தா: "காது மெஷின் வாங்கணும். அதுக்கு டெஸ்ட் எடுக்கணுமாமே."

மூணாவது தாத்தா: "நேத்து காலையில எந்திரிச்சா வலது காது சுத்தமா அடைச்சுப் போச்சு."

முதல் தாத்தாவுக்கு ஏ.பி. போட்டு அனுப்பலாம், மெடிகேர் தரும். ரெண்டாவது தாத்தாவுக்கு முழுக் காசும் அவர் பையில இருந்துதான். அந்த கிளெய்மை அனுப்பினா ஜி.ஒய்.ன்னு வேற வால் ஒட்டணும், அதாவது "சட்டப்படியே இதுக்குக் காசு கிடையாதுன்னு எங்களுக்கும் தெரியும்"னு அர்த்தம். மூணாவது தாத்தா இங்கே உக்காந்திருக்கவே கூடாது, உடனே டாக்டர்கிட்ட ஓடணும்.

ரெண்டாவது தாத்தா கேசுக்கு வேர் 1965-ல இருக்கு. மெடிகேர் சட்டம் பொறந்தப்பவே காது மெஷினையும், அதுக்கான பரிசோதனையையும் சேர்த்து விலக்கி வச்சுட்டாங்க. கண் கண்ணாடிக்கும் பல்லுக்கும் நடந்த அதே கதை. 2021 நவம்பர்ல பிரதிநிதிகள் சபை நிறைவேத்தின பெரிய மசோதா ஒண்ணுல மெடிகேர்ல காது மெஷினைச் சேர்க்கிற பகுதி இருந்துச்சு. செனட்ல அது தேறலை. 2022-ல வந்த சட்டத்துல அந்தப் பகுதி இல்லை.

மெடிகேரோட கையேடு இதைத் தெளிவாவே சொல்லுது. காசு தர்றதா வேணாமான்னு முடிவு பண்றது டெஸ்ட் எதுக்காகச் செஞ்சாங்கங்கற காரணம். என்ன நோய் வந்துச்சுங்கறது இல்லை, நோயாளி நிலைமையும் இல்லை. ஆர்டரோட வர்றவங்களைப் பத்தியும் ஒரு விளக்கம் இருக்கு: டாக்டர் காது கேக்கலைங்கற அறிகுறிக்காக அனுப்பி, கடைசியில "மெஷின் போடுங்க"ங்கறது மட்டுமே முடிவா வந்தாலும் டெஸ்டுக்குக் காசு உண்டு. அதாவது வாசல்ல எந்தக் காரணத்தோட நுழைஞ்சீங்கங்கறதுதான் கணக்கு. எந்த முடிவோட வெளியே போனீங்கங்கறது இல்லை.

மொழிபெயர்க்கிற மகனும் மகளும்

இங்கேதான் நம்மாளுங்க கவனிக்கணும். நம்ம அப்பா அம்மா பலருக்கு முன் மேசையில இங்கிலீஷ்ல பேசக் கூச்சம். மகனோ மகளோ பக்கத்துல நின்னு மொழிபெயர்ப்பாங்க. அம்மா தமிழ்ல சொல்றது இப்படி இருக்கும்: "குக்கர் விசில் கேக்குதுப்பா, ஆனா போன்ல நீ பேசறது கேக்க மாட்டேங்குது. கூட்டத்துல யாரு என்ன பேசறாங்கன்னே தெரியலை. காதுல ங்ஙொய்யுனு ஒரு சத்தம் வேற."

எவ்வளவு அருமையான தகவல் பாருங்க. எந்தச் சூழல்ல கேக்கலை, எது கேக்குது, கூட இரைச்சல் இருக்கா, எல்லாம் அதுல இருக்கு. அவசரத்துல இருக்கிற மகன் இங்கிலீஷ்ல சொல்றது ஒரே வாக்கியம்: "அம்மாவுக்கு காது மெஷின் வேணும்."

முடிஞ்சுது. வருகைக் காரணம்ங்கற கட்டத்துல "காது மெஷின்" ஏறிடுச்சு. அம்மா முதல் தாத்தா வரிசையில வந்தவங்க, ரெண்டாவது தாத்தா வரிசைக்குப் போயிட்டாங்க.

பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலை. நிஜமாவே மெஷினுக்காகத்தான் போறீங்கன்னா அதைத்தான் சொல்லணும். காரணத்தை மாத்தி எழுதச் சொல்றது மோசடி, நாங்களும் எழுத மாட்டோம். ஆனா நிறைய பேர் மெஷினுக்காக வர்றதில்லை. என்ன ஆச்சுன்னு தெரியாமத்தான் வர்றாங்க. "மெஷின் வேணும்"ங்கறது பிள்ளைங்களே எடுத்துக்கிட்ட முடிவு. அம்மா சொன்னதை அப்படியே, முழுசா மொழிபெயர்த்தாலே போதும். ஆடியாலஜிஸ்டுக்கும் அதுதான் உதவும். வெறும் குறும்பி அடைச்சிருந்தா மெஷின் எதுக்கு?

(குறும்பி சொன்னதும் ஞாபகம் வருது. காதுக் குறும்பியை எடுத்து விட்டா ஆடியாலஜிஸ்டுக்கு மெடிகேர் காசு தராது. அதே வேலையை டாக்டர் செஞ்சா தரும். இந்த ஊர் விதிகளைப் படிக்கப் படிக்க நமக்கே காது அடைக்குது.)

மறுபக்கம்

சீட்டு முழுக்க முட்டாள்தனம்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. அப்படி இல்லை. மூணாவது தாத்தாவைத் திரும்பப் பாருங்க.

ராத்திரி நல்லா இருந்த காது காலையில கேக்கலைன்னா அது அவசர நிலை. மூணு நாளைக்குள்ள ஏற்படற இந்த மாதிரி திடீர் நரம்புவழிக் காது கேளாமைக்கு ஸ்டீராய்டு சிகிச்சை இருக்கு. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆளு "வயசாயிடுச்சு, காது போச்சு"ன்னு நினைச்சு ஒரு மாசம் கழிச்சு டெஸ்டுக்கு வந்தா அந்த வாய்ப்பு போயிடும். ஒரு காதுல மட்டும் குறை இருந்தா, அபூர்வமா கேட்பு நரம்புல கட்டியாக்கூட இருக்கலாம். இதையெல்லாம் கண்டுபிடிச்சு வைத்தியம் பார்க்க டாக்டர்தான் வேணும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்களோட அமெரிக்கச் சங்கம், ஆடியாலஜிஸ்ட்கிட்ட நேரா போற சட்ட மாற்றங்களை எதிர்க்கிறதுக்குச் சொல்ற காரணம் இந்த மாதிரிதான். அதுல நியாயம் இருக்கு. ஏ.பி. விதியும் "திடீர்ப் பிரச்சனைக்கு இல்லை"ன்னு சொன்னதுல அந்தக் கவலையை ஏத்துக்கிட்டிருக்கு.

ஆனா ஒரு கேள்வி. வீட்டுல உக்காந்திருக்கிற தாத்தாவுக்குத் தன் காதுப் பிரச்சனை எந்த வகைன்னு எப்படித் தெரியும்? டெஸ்ட் எடுத்தாத்தானே தெரியும். ரெண்டு காதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு காட்டிக் குடுக்கிறதே அந்த 92557 தான். காட்டின பிறகு ஆடியாலஜிஸ்ட் டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க, அதுக்குத்தான் அவங்க படிச்சிருக்காங்க. சீட்டு இல்லாததால டெஸ்டே எடுக்காத ஆளு எந்த டாக்டர்கிட்டயும் போய்ச் சேர மாட்டார்.

முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகள்ல வழக்கமான காது பரிசோதனைக்கு முதன்மை மருத்துவர் சீட்டு இல்லாமலே நேரா நேரம் வாங்கலாம். அதுவும் இதே மத்திய அரசுதான்.

மெடிகேர்லயும் சீட்டை முழுசா எடுக்கிறதுக்கு "மெடிகேர் ஆடியாலஜி ஆக்சஸ் இம்ப்ரூவ்மென்ட் ஆக்ட்"னு ஒரு மசோதா 2021-லயும் 2023-லயும் தாக்கல் ஆச்சு. ரெண்டு தடவையும் நிறைவேறலை. சட்டத்தை மாத்தாம, விதியை மட்டும் நெளிச்சு சி.எம்.எஸ். குடுத்த சின்ன வழிதான் ஏ.பி. அதனாலதான் அதுக்கு இத்தனை முடிச்சு.

கடை மெஷின் வந்தாச்சே, டெஸ்ட் எதுக்கு?

நல்ல கேள்வி. 2022 அக்டோபர் 17 முதல், 18 வயசு ஆனவங்க, லேசான அல்லது நடுத்தர அளவு காது மந்தம் இருக்கிறதா தாங்களே நினைச்சா, டெஸ்டோ சீட்டோ இல்லாம கடையிலயே காது மெஷின் வாங்கலாம்னு எஃப்.டி.ஏ. விதி அமலுக்கு வந்துச்சு.

கூத்து என்னன்னா, மெஷினை வாங்கச் சீட்டு வேண்டாம். மெஷின் தேவையான்னு பார்க்கிற டெஸ்டுக்குக் காசு கிடைக்கத்தான் ஒண்ணு சீட்டு வேணும், இல்லை ஏ.பி. வேணும். ரெண்டும் வேற வேற அமைப்போட வேலை, ஒண்ணுக்கு ஒண்ணு பேசி வச்சுச் செஞ்சதில்லை. ஆனா வரிசையில நிக்கிற தாத்தாவுக்கு ரெண்டும் ஒரே அரசாங்கம்தானே.

கடையில வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒழுங்கா டெஸ்ட் எடுத்துடுங்கங்கறதுதான் என் கருத்து. லேசான குறைன்னு நாம நினைக்கிறது லேசா இருக்கணும்னு அவசியம் இல்லை. "இலவச காது டெஸ்ட்"னு போர்டு பார்த்தா, அது பெரும்பாலும் மெஷின் விக்கிற இடம்ங்கறதையும் மறக்காதீங்க. அதுல தப்பில்லை, ஆனா முடிவு எந்தப் பக்கம் சாயும்னு சொல்லணுமா என்ன?

சரி, நாங்க என்ன பண்ணனும்?

சுருக்கமா:

* அப்பா அம்மாவுக்கு இருக்கிறது ஒரிஜினல் மெடிகேரா, தனியார் கம்பெனி நடத்துற மெடிகேர் அட்வான்டேஜா பாருங்க. ரெண்டாவதுன்னா சீட்டு விதி திட்டத்துக்குத் திட்டம் மாறும். கார்டு பின்னாடி இருக்கிற எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்க. பல திட்டங்கள்ல காது மெஷினுக்கே ஏதாவது சலுகை இருக்கும்.

* எப்படியும் டாக்டரைப் பார்க்கப் போறீங்கன்னா, அப்பவே காதைப் பத்திச் சொல்லி ஆர்டர் வாங்கிடுங்க. மெடிகேர்ல சேர்ந்த முதல் 12 மாசத்துக்குள்ள ஒரு வரவேற்பு விசிட் உண்டு, அதுல காது கேக்குதான்னு கேக்கறதும் ஒரு பகுதி. ஆர்டர் இருந்தா ஏ.பி. தேவையில்லை. அதைப் பின்னாடி தேவைப்படற நாளுக்கு மிச்சம் வைக்கலாம்.

* டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப் போகுது, பிரச்சனை மெதுவா வந்ததுன்னா ஆடியாலஜி கிளினிக்குக்கு நேரா போன் பண்ணுங்க. "டாக்டர் ஆர்டர் இல்லாம மெடிகேர்ல டெஸ்ட் எடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. மெடிகேர் அனுமதிச்சாலும், ஆர்டர் கேக்கிற கிளினிக் இருக்கலாம்.

* கடந்த 12 மாசத்துல வேற எங்கயாவது சீட்டு இல்லாம டெஸ்ட் எடுத்திருந்தா மறைக்காம சொல்லுங்க. இல்லைன்னா கிளெய்ம் திரும்பி வரும்.

* மெடிகேர் காசு தராம போகலாம்னு கிளினிக் நினைச்சா, முன்கூட்டியே ஏ.பி.என்.னு ஒரு படிவம் குடுத்து, எவ்வளவு ஆகும்னு எழுதி, கையெழுத்து கேப்பாங்க. படிச்சுட்டுப் போடுங்க. "போட்டா காசு நம்ம தலையில"ங்கறதுதான் அதுக்கு அர்த்தம்.

* திடீர்னு கேக்காம போறது, காதுல வலி, சீழ், ரத்தம், தலைசுத்தல், ஒரு காதுல மட்டும் குறை. இதுல எது இருந்தாலும் ஏ.பி., பில்லு எல்லாத்தையும் மறந்துட்டு டாக்டர்கிட்ட போங்க. திடீர்னு போச்சுன்னா அன்னிக்கே.

* முன் மேசையில அம்மா சொல்றதை முழுசா மொழிபெயருங்க. கிளினிக்ல கேட்டா மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு பண்ணுவாங்க.

இவ்வளவு தாங்க. 2023-ல திறந்தது சின்னக் கதவுதான், ஆனா திறந்திருக்கு. அது இருக்கிறதே தெரியாம வெளியே நிக்கறவங்க எத்தனை பேர்னு என் மேசையில இருந்து எண்ண முடியாது, ஏன்னா அவங்க கிளினிக்குக்கே வர மாட்டாங்க. வீட்டுல டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போற ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா, இந்தப் பதிவை அவர் பிள்ளைங்களுக்கு அனுப்புங்க. கனடா, சிங்கப்பூர், வளைகுடாவுல இருக்கிற பதிவர்கள் உங்க ஊர்ல இது எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, தெரிஞ்சுக்க ஆசை.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, பில்லிங் மேசையில உக்காந்திருக்கிற மாணவ ஜென்மம். தாத்தாக்கள் மூணு பேரும், குக்கர் விசில் அம்மாவும் கற்பனை. எங்க கிளினிக்குக்கு வந்த யாரைப் பத்தியும் இதுல ஒரு வரி கூட இல்லை. கட்டணங்கள் வருஷா வருஷம் மாறும், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கங்க.